தரையில் வைத்த ஸ்கேல்

வகுப்புக்குப் படங்கள் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மதியம், ஸ்கேல் அக்காவிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். அந்தப் பேச்சை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று. ஒரு வார்த்தைகூட இடம் மாறவில்லை.

“அக்கா, இந்தக் குவாரிப் படத்துல ஸ்கேல் எது மேல இருக்கு?”

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, “எலும்புக்குப் பக்கத்துல” என்றார்.

“பக்கத்துலதான். ஆனா எது மேல?”

“என்னடி, வக்கீல் மாதிரி கேக்கற? எப்பவும் வைக்கற மாதிரிதான். அடியில ரப்பர் அடுக்கி, எலும்பு மட்டத்துக்கு ஏத்தி.”

“ரப்பர் தெரியலையே.”

“மேலருந்து எடுத்தா அடியில இருக்கறது எப்படித் தெரியும்? மண்டு.”

“நிழலும் இல்லக்கா. ஃபிளாஷ் அடிச்சதுல எலும்போட நிழல் இந்தப் பக்கம் தள்ளி விழுது. ஸ்கேலுக்கு நிழலே இல்ல. மண்ணோட ஒட்டிக் கெடக்கு.”

கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்கு மேல் குனிந்தார். “பெருசு பண்ணு.”

பெரிதாக்கினேன்.

“இன்னும்.”

“இதுக்கு மேல போனா படம் உடைஞ்சுடும்.”

“உடையட்டும், பண்ணு.”

ஸ்கேலின் ஓரத்தில் மண் துகள்கள் ஏறியிருந்தன. ரப்பர் துண்டின் மேல் நிற்கும் ஸ்கேலில் அப்படி ஏறாது. பிறகு, “குறிப்புத்தாளை எடு” என்றார்.

எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் நேரம், திசை, வெளிச்சம், ஸ்கேல் மட்டம் என்று கட்டங்கள் இருக்கும். அந்தப் படத்துக்கு நேரமும் திசையும் வெளிச்சமும் அவர் கையெழுத்தில் இருந்தன. ஸ்கேல் மட்டம் என்ற கட்டம் காலி.

“இதுலருந்து அளவு எடுத்தது யாரு?”

“நான்தான்.”

“எவ்வளவு வந்துச்சு?”

“நாப்பத்தாறு புள்ளி ஆறு சென்டிமீட்டர்.”

“கட்டம் காலியா இருக்கேன்னு என்னைக் கேக்கத் தோணலையா?”

“நீங்க எடுத்த படம்னு நெனச்சேன்க்கா.”

“நல்லா நெனச்ச, போ” என்றார். பிறகு, “அந்தக் கதவைச் சாத்து” என்றார்.

எங்கள் பெயர்ப்பலகையில் மானிடவியல் துறை என்று இருக்கும். கட்டடத்தில் மற்றவர்களுக்கு நாங்கள் எலும்பு டிபார்ட்மென்ட். மாணவர்களுக்கு எலும்பைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது பாதி வேலை. எங்காவது அடையாளம் தெரியாத எலும்புகள் கிடைத்தால், காவல் துறை கூப்பிட்டதும் போய்த் தோண்டி எடுத்து, இது ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன உயரம் என்று சொல்வது மீதிப் பாதி. அக்கா அங்கே போட்டோகிராபர். நான் ஆய்வு மாணவி. இரண்டு மொழியில் படித்தவள் என்பதால், குடும்பங்களுக்குப் போகும் அறிக்கையைத் தமிழில் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது.

அக்காவின் அப்பா பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தார். பதினாலு வயதிலேயே, படமெடுக்க வருகிறவர்களின் தாடையை இரண்டு விரலால் பிடித்து இறக்கி, “நேரா பாருங்க, மூச்ச விடாதீங்க” என்று சொல்லப் பழகியவர் அக்கா. கல்யாண வீடுகளில் மணப்பெண் அறைக்குள் போய்ப் படமெடுக்க ஒரு பெண் வேண்டும் என்பதால் கொஞ்ச காலம் அதிலும் ஓடினார். முப்பதாவது வயதில் எங்கள் துறையில் தற்காலிக வேலைக்கு வந்தார். வருடா வருடம் ஒரு கடிதத்தில் அந்த வேலை நீளும். பதினோரு வருடம் நீண்டது. இந்த வருடம் கடிதம் வரவில்லை. ஏன் என்று யாரும் எழுதித் தரவில்லை.

முதல் நாளே அவர் கையில் ஒரு மண்டையோட்டைக் கொடுத்தார்களாம். பயமாக இல்லையா என்று கேட்டேன். “இதுல என்னடி பயம்? கண்ணைச் சிமிட்டல, எச்சில் முழுங்கல, ‘குண்டா தெரியறேன், மறுபடி எடுங்க’ன்னு கேக்கல. என் சர்வீஸ்லயே நல்ல கஸ்டமர் இவங்கதான்” என்றார்.

ஒவ்வொரு மண்டையோட்டுக்கும் ஆறு படம்: முன், பின், இடது, வலது, மேல், கீழ். கறுப்பு வெல்வெட் விரித்து, மணல் அடைத்த துணி வளையத்தில் உட்கார வைத்து, காது ஓட்டையும் கண்குழியின் கீழ் ஓரமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பார். வெல்வெட்டில் ஒரு நூல் தெரிந்தாலும் ஒட்டும் நாடாவால் எடுத்துவிட்டுத்தான் அடுத்த படம். மாணவர்கள் குழியில் எடுத்த படங்களைச் சுவரில் போட்டுக் காட்டும் நாள்களில் வகுப்பே பதுங்கி உட்கார்ந்திருக்கும். “இது யாரு செருப்பு? செருப்புக் கண்காட்சியா நடத்தறோம்?” “எலும்பு மேல தொப்பி நிழல். செத்தவருக்கு வெயில் படுதுன்னு குடை பிடிச்சியா ராசா?” எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்கேல். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அந்தப் பட்டை எலும்பின் மட்டத்தில் இருக்க வேண்டும். தங்கச்சி குழந்தை பிறந்த அன்று எடுத்த படத்திலும் பக்கத்தில் ஸ்கேல் வைத்திருந்தார் என்று அவர் கணவர் சொல்வார். அவர் பஸ் ஓட்டுகிறவர். “கல்யாணமாகி பதினெட்டு வருஷம். என்னை உருப்படியா ஒரு படம் எடுத்ததில்ல. எலும்பானா ஆறு எடுப்பா” என்று என்னிடமே புகார் சொல்லியிருக்கிறார். “ஆவீங்கல்ல, அப்ப எடுக்கறேன்” என்றார் அக்கா.

ஸ்கேல் ஏன் எலும்பின் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணருகே பிடித்த விரல் தூரத்து மரத்தைவிட உயரமாகத் தெரிகிறது. கேமராவுக்கும் அப்படித்தான். குழியில் எலும்பு தென்பட்டதும் உடனே பிடுங்கி எடுக்க மாட்டோம். சுற்றியுள்ள மண்ணை வெட்டி எடுத்து, எலும்பை ஒரு சிறிய மண் மேட்டின் மேல் விட்டுவைத்துப் படம் எடுப்போம். அப்போது எலும்பு கேமராவுக்குக் கிட்டத்திலும், தரையில் வைத்த ஸ்கேல் எட்டத்திலும் இருந்தால், எலும்பு இருப்பதைவிட நீளமாகக் கணக்கு வரும். தொடை எலும்பு நீளமானால் ஆளும் உயரமாகிவிடுவான்.

குவாரியில் மண் சுவர் சரிந்தபோது இரண்டு தொழிலாளிகள் காணாமல் போனார்கள். ஒருவருக்கு இருபத்தாறு வயது, இன்னொருவருக்கு இருபத்தெட்டு. ஒரே கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி பூட்ஸ். ஏழு வருடம் கழித்து வேறு வேலைக்காக மண் அள்ளிய இயந்திரம் ஒரு பூட்ஸைத் தூக்கியது. எங்களைக் கூப்பிட்டார்கள். நான்கு நாள் தோண்டினோம். கிடைத்தது ஒருவர் மட்டும்.

நான்காம் நாள் பிற்பகல் வானம் கறுத்தது. தொடை எலும்பு மேட்டின் மேல் தயாராக இருந்தது. தலையும் பற்களும் கல் விழுந்து ஏற்கெனவே பொடியாகியிருந்தன. முழுதாக இருந்த ஒரே நீள எலும்பு அதுதான். “வெளிச்சம் போகுது. ஒண்ணு இப்படியே எடுத்து வெச்சுக்கறேன், ரெண்டாவது சரியா எடுக்கறேன்” என்று அக்கா சொன்னதை நான் பிறகுதான் நினைவுபடுத்திக்கொண்டேன். முதல் படத்தை எடுத்தார். ரப்பர் எடுக்கப் பைக்குள் கையை விட்டபோது மழை கொட்டியது. தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் குழியின் ஒரு பக்கம் உள்ளே வந்துவிட்டது. மறுநாள் அந்த எலும்பைப் பதினேழு துண்டுகளாக எடுத்தோம். இரண்டு முனையும் சேறாகக் கரைந்திருந்தன. மரபணுச் சோதனைக்கு இரண்டு தடவை அனுப்பியும் பயனில்லை.

ஆக, நீளத்துக்கு அந்த ஒரு படம்தான். நான் கணினியில் அளந்தேன். ஐந்தடி எட்டு அங்குலம் என்று உயரம் வந்தது. காணாமல் போனவர்களில் ஒருவர் அதே உயரம். மற்றவர் ஐந்தடி மூன்றரை. நெட்டையானவரின் மனைவியிடம் எலும்புகளை ஒப்படைத்தார்கள். அவர் தகனம் செய்தார். இறப்புச் சான்றிதழ் கிடைத்தது. தமிழ் அறிக்கையை எழுதியவள் நான்.

அதன் பிறகான இரண்டு வருடமும், குள்ளமானவரின் அம்மா ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை துறைக்கு வருவார். மாடிப்படி அருகே உள்ள பெஞ்சில் உட்காருவார். மறுபடி எப்போது தோண்டுவீர்கள் என்று கேட்க வருகிறார் என்று முதலில் நினைத்தோம். போகப்போக அதைக் கேட்பதையும் விட்டுவிட்டார். அக்கா தன் பிளாஸ்கிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுப்பார். “இதுங்களுக்கெல்லாம் பவுடர் போட்டுத்தான் படம் எடுப்பியா?” என்று அவர் கேலி செய்வார். “நான் எங்கம்மா போடறேன், அதுங்களாவே வெள்ளையா வந்துடுதுங்க” என்பார் அக்கா. ஒருநாள் அந்த அம்மா சொன்னார்: “எம் புள்ள அவங்க அப்பா மாதிரி குள்ளம். பேண்ட் வாங்கினா கீழ நாலு விரல் வெட்டித் தைக்கணும். வெட்டின துணியெல்லாம் எனக்குக் கைக்குட்டை. ஆளு குள்ளமே ஒழிய, குரல் நெட்டை. தெருமுனையில இருந்து ‘அம்மா’ன்னா அடுப்புல இருக்கறது கொதிக்கும்.”

கதவைச் சாத்திய அந்த மதியத்துக்கு மறுநாள், கட்டடத்தின் பின்புறம் காலி நிலத்தில் அக்கா மண்வெட்டியோடு நின்றார். கேமரா முக்காலியின் கால்களில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டிருப்பார். குழிப் படம் எல்லாமே அந்தக் கோட்டில், தரையிலிருந்து நூற்றிருபது சென்டிமீட்டரில். குவாரி மேட்டின் உயரத்துக்கு, மழை வந்த அந்த நான்காம் நாள் காலை நான் கைபேசியில் பக்கவாட்டில் எடுத்த ஒரு படம் இருந்தது. மேட்டில் கொத்தனார் கரண்டி ஒன்று சாய்ந்திருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் பன்னிரண்டு சென்டிமீட்டர்.

பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மண் மேடு கட்டினார். வகுப்பில் உள்ள பிளாஸ்டிக் தொடை எலும்பை அதன் மேல் வைத்தார். அது சரியாக நாற்பத்திரண்டு. ஸ்கேலைத் தரையில் வைத்துப் படம் எடுத்தார். நான் அளந்தேன்.

“எவ்வளவு?”

“நாப்பத்தாறு புள்ளி ஏழு.”

அவர் மேட்டைக் கொஞ்சம் சுரண்டினார். “இன்னொண்ணு எடுக்கறேன். மேடு இவ்வளவு உயரமா இருந்திருக்காது.”

“இருந்துச்சுக்கா. கரண்டிய வெச்சுத்தானே அளந்தோம்.”

“கரண்டி சாஞ்சிருந்துச்சு.”

“சாஞ்சதையும் சேத்துத்தான் அளந்தேன்.”

“நீ அளக்கற லட்சணம் தெரியாதா? இன்னொரு தடவ.”

அன்று அறுபத்து மூன்று படங்கள் எடுத்தார். மேட்டைக் குறைத்தார், முக்காலியை உயர்த்தினார், எலும்பைத் திருப்பி வைத்தார். தான் தவறு செய்யவில்லை என்று ஒரு படமாவது சொல்லட்டும் என்று கெஞ்சுவதைப் போல் இருந்தது. சொல்லவில்லை. குவாரியில் கிடந்த எலும்பு ஏறத்தாழ நாற்பத்திரண்டு. ஆள் ஐந்தடி நாலு. கடைசியில் அந்த மண் மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “ஒரு நிமிஷம்டி. மழை ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா” என்றார். புடவை முழுக்க மண்.

துறைத்தலைவர் எல்லாப் படங்களையும் பொறுமையாகப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை.

“படத்துலருந்து எடுத்த அளவுன்னு அறிக்கையிலயே போட்டிருக்கோம். முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்.”

“நாலு அங்குலமா சார்?”

“சரி, தப்புதான். இப்ப என்ன பண்ணலாங்கறீங்க? அந்தப் பொண்ணுகிட்டப் போய், நீ எரிச்சது உன் புருஷன் இல்லன்னு சொல்வீங்களா? இந்த அம்மாகிட்ட, உங்க புள்ள கிடைச்சாரு, ஆனா வேற வீட்டுல எரிச்சுட்டாங்கன்னு சொல்வீங்களா? இவருதான்னாவது உங்களால சத்தியம் பண்ண முடியுமா? முடியாது. நம்ம ஃபைல்ல ஒரு குறிப்பு வெச்சுடறேன். ரெண்டு வீட்டு மேலயும் இன்னொரு தடவ மண்ணு சரிய வேண்டாம்.”

அக்கா அந்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு நெட்டையானவரின் மனைவியைப் பார்க்கப் போனார். அவர் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். ஓட்டல் விரிப்புகள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. எங்களைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார், உட்காரச் சொல்லவில்லை.

“சும்மா இந்தப் பக்கம் வந்தோம்மா” என்றார் அக்கா.

“எலும்பு ஆபீஸ்லருந்து யாரும் சும்மா வர மாட்டாங்க.” அவர் அக்காவின் முகத்தையே பார்த்தார். “என்ன சொல்ல வந்தீங்களோ, சொல்லாதீங்க. ஏழு வருஷம் அந்த மனுஷன் வருவாருன்னு கதவுக்குத் தாப்பா போடாம படுத்தேன். இப்பத்தான் போட்டுட்டுத் தூங்கறேன். அவரு ரெண்டாந்தடவ காணாமப் போக வேண்டாம். போய்ட்டு வாங்க.”

சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை உதறினார். நாங்கள் தெருவுக்கு வந்த பிறகும் அக்கா கடைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த முதல் திங்கட்கிழமை அந்த அம்மா வந்தபோது, அக்கா படம் கழுவும் பழைய இருட்டறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். நான்தான் வெளியே போய், “அக்கா லீவும்மா” என்றேன். அதற்கடுத்த மாதமும் லீவு என்றேன். அந்த அம்மா என் பின்னால் இருந்த மேஜையைப் பார்த்தார். பிளாஸ்க் அங்கேயே இருந்தது. ஒன்றும் கேட்காமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். உள்ளே அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார். “போய்ட்டாங்களா? படியிறங்கும்போது கைப்பிடியப் பிடிச்சாங்களா? முட்டி வலிக்கும் அவங்களுக்கு” என்றார்.

மூன்றாவது மாதம் அக்கா தானாகவே போய் அந்த அம்மா பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். டீ ஊற்றவில்லை. ஸ்கேலைத் தரையில் வைத்தது, மழை, நான் அளந்தது, எலும்பு எங்கே போனது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அவர் கை தானாகவே பெஞ்சின் மேல் மேடும் தரையும் காட்டிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அந்த அம்மா கேட்டார்:

“அப்ப அது எம் புள்ளயா?”

“இருக்கலாம்மா.”

“இருக்கலாமா? ‘இருக்கலாம்’னு சொல்றதுக்கா ரெண்டு மாசம் ஒளிஞ்சிருந்த?”

“உறுதியாச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா. அந்த நெட்டையானவரா இருக்க முடியாது. அவ்வளவுதான் தெரியும். மிச்சம் உங்க புள்ளதான். ஆனா…”

“படத்தக் காட்டு.”

குடும்பத்தாருக்கு நாங்கள் குழிப் படங்களைக் காட்டுவதில்லை. அக்கா போய் எடுத்துவந்தார். அந்த அம்மா படத்தை மடியில் வைத்துக் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துச் சாண் போட்டுப் பார்த்தார். சின்னப் படம், ஒரு சாணுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பிறகு படத்தைத் திருப்பிக் கொடுத்து, “யாரு வீட்டுலயோ எரிஞ்சான். எவளோ அவனுக்காக அழுதிருக்கா. அதாவது நடந்துச்சே” என்றார். அப்புறம்தான் குரல் உடைந்தது. அக்கா அவர் கையைப் பிடிக்கப் போனார். அவர் தள்ளிவிட்டார். “தொடாத. உன் டீயக் குடிச்சேனே. எத்தன மாசம் உன் டீயக் குடிச்சேன்.”

படியிறங்கும் முன் நின்று, திரும்பாமலே சொன்னார்: “எழுதிக் குடு. ‘இருக்கலாம்’னாவது எழுதிக் குடு. ஒன்பது வருஷமா என்கிட்ட ஒரு துண்டுக் காயிதம் இல்ல.”

தலைவர் துறைத் தாளில் அப்படி ஒன்று போக அனுமதிக்க முடியாது என்றார். நெட்டையானவரின் சான்றிதழ் கேள்விக்குள்ளாகும். அந்தப் பெண்ணை மறுபடி இழுப்பார்கள். அக்கா தன் அறைக்கு வந்து கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். இரண்டு தடவை எழுத ஆரம்பித்துக் கசக்கிப் போட்டார். பிறகு புதிதாக ஒரு தாளைக் கிழித்து என் பக்கம் நகர்த்தினார்.

“நீ எழுது. துறை பேரு வேண்டாம், அந்தப் பொண்ணு பேரு வேண்டாம், உன் பேரும் வேண்டாம். அளந்தது நீயா இருந்தாலும் ஸ்கேலை வெச்சது நான். குழியில கெடச்சது உங்க புள்ளயா இருக்கலாம், தப்பு பண்ணினது நான், அவ்வளவுதான் விஷயம். கீழ நான் கையெழுத்துப் போடறேன். வேலை போனா போகட்டும். ஆனா ஒண்ணு பாத்துக்க. அறிக்கையில எழுதற மாதிரி எழுதாதடி. அவங்க எழுத்துக்கூட்டித்தான் படிப்பாங்க. பக்கத்து வீட்டுல யாரையும் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டச் சொல்ற மாதிரி வெச்சுடாத. கதவைச் சாத்திக்கிட்டு அவங்களே படிக்கணும். அந்த மாதிரி எழுதிக் குடு.”